செவ்வாய்க்கிழமை எங்கே போகிறார்?

“மாத்திரையா கொடுத்தீங்க? மனுஷனை மரக்கட்டை ஆக்கி வச்சிருக்கீங்க!”

தையல்காரரின் மனைவி மேஜையில் ஓங்கித் தட்டினாள். அவள் கோபத்துக்கு மேஜை என்ன செய்யும், பாவம். பக்கத்து நாற்காலியில் தையல்காரர், தலை மார்பில் சாய, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் உட்காருங்கம்மா,” என்றார் மனநல டாக்டரம்மா.

“உட்கார்ந்தா ஆச்சா? நேத்து இஸ்திரிப் பெட்டியைக் கோட்டு மேல வச்சுட்டுத் தூங்கியிருக்கார். கோட்டு பொசுங்கிப் போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆனா வேலைக்கே வராதேன்னுட்டார் முதலாளி. அப்புறம் நாங்க தெருவுலயா நிக்கிறது? இது போதாதுன்னு, செவ்வாய்க்கிழமையானா கடையில இருந்து காணாமப் போயிடுறாராம். கேட்டா வாயே திறக்க மாட்டார். சீட்டாட்டம்தான், வேற என்ன!”

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

“நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு இவ்வளவு தூக்கம் வராதே. வேற ஏதாவது சாப்பிடுறாரா?”

“வேறயா? நீங்க கொடுத்ததையே அவர் தொடுறதில்லை! முதல் நாளே ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ன்னு ஜன்னல் வழியா வீசினார். நான் விடுவேனா? அதே மாத்திரையைக் கடையில வாங்கி, ராத்திரி பால்ல கரைச்சுக் கொடுத்துடுறேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.” சொல்லும்போது அவளுக்குப் பெருமை வேறு.

டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

“என்னைக் கேட்காம எப்படிம்மா கொடுத்தீங்க? இதையெல்லாம் சொல்லித்தரத்தானே நோயாளிங்களுக்கு நடத்துற வகுப்புக்குக் குடும்பத்தோட வாங்க, வாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்?”

“பைத்தியங்களோட நான் வந்து உட்காரணுமா? எனக்கு மானம் மரியாதை இருக்குன்னு அன்னைக்கே இவர் எதிர்லயே சொன்னேனே!”

டாக்டரம்மா எழுந்து வந்து தையல்காரரை உலுக்கினார்.

“எழுந்திருங்க! செவ்வாய்க்கிழமை எங்கே போறீங்கன்னு உங்க வாயாலேயே சொல்லுங்க.”

அவர் திருதிருவென விழித்தார். மனைவியின் முறைப்பைக் கண்டதும் பயந்துபோய், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இங்கதான் வர்றேன், வகுப்புக்கு. மானம் போச்சுன்னு நீ கத்துவேன்னு சொல்லலை. மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னு இங்க வந்துதான் புரிஞ்சது. அதுல இருந்து ஒரு நாள் தவறினதில்லை. ராத்திரி நீ தர்ற பாலோடதான் முழுங்குறேன்.”