கண்ணாடிப் பெட்டித் தியோர்போ

"வாசிக்கத்தானே வந்தீங்க? உள்ளே எட்டிப் பாக்க என்ன இருக்கு?"

எர்மன்னோ குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் லவீனியா சட்டென்று நிமிர்ந்தாள். தியோர்போ என்ற அந்தப் பழைய நரம்பு வாத்தியத்தின் வயிற்றில் பூவேலையாகச் செதுக்கிய துளையில் ஒரு கண்ணை வைத்து, கைபேசி வெளிச்சத்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்றும் நடக்காததுபோல வெளிச்சத்தை அணைத்தாள்.

"சும்மாதான் ஐயா. இந்த வயசுக்கு உள்ளே ரொம்பச் சுத்தமா இருக்கே."

"சுத்தமா வெச்சுக்கத்தான் எனக்குச் சம்பளம்."

இத்தாலியின் பதுவா நகரத்தில் இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் எர்மன்னோ இருபத்திரண்டு வருடமாகக் காப்பாளர். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற தியோர்போதான் அங்கே ராஜா. ஆளுயரத்துக்கு நீண்ட உடம்பு, பதினான்கு நரம்புகள், முந்நூற்றுத் தொண்ணூறு வருடத்து மரம். யாராவது வாசிக்கக் கேட்டால் மரம் தாங்காது என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார். பத்து வருடமாக அவரைத் தவிர எவரும் அதைத் தொட்டதில்லை.

லவீனியாவும் இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. மூன்றாவதை நேரே இயக்குநர் கொர்ராதோவுக்கு அனுப்பிவிட்டாள். அருங்காட்சியகத்துக்கு ஆள் வருவதே குறைந்துபோயிருந்த நேரம். அவர் உடனே சரி என்றுவிட்டார்.

அன்றிலிருந்தே எர்மன்னோவுக்கு அவள்மேல் சந்தேகம். அவளிடமே நல்ல தியோர்போ ஒன்று இருக்கிறதே, இது எதற்கு? கேட்டதற்கு, பரோக் என்ற அந்தப் பழைய காலத்துப் பாடல் ஒன்றை எடுத்து, அது முடியுமுன்பே தான் எழுதிய இன்றைய இசைக்குள் இறங்கப்போவதாகச் சொன்னாள். பழைய மரம் புது இசையை எப்படிப் பேசும் என்று கேட்க ஆசையாம். பதில் அழகாகத்தான் இருந்தது. ஆனால், சொல்லும்போது அவள் பார்வை வாத்தியத்தின் மேல் இல்லை. அவர் முகத்தின் மேல் இருந்தது.

மரத்தைத் தட்டக் கூடாது, நரம்பில் உலோகம் படக் கூடாது என்று ஒரு முழுப் பக்கத்துக்கு நிபந்தனை எழுதி நீட்டினார். ஒரு வரிக்குக்கூட வாதாடாமல் கையெழுத்துப் போட்டாள். அதுவும் அவருக்கு உறுத்தியது. இந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் இப்படிப்பட்ட காகிதத்தைப் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள்.

மூன்று நாள் ஒத்திகை. எர்மன்னோ அறையைவிட்டு நகரவில்லை. அவள் வாசித்ததைவிட மற்ற வேலைகள் செய்ததுதான் அதிகம். வாத்தியத்தின் முதுகை முகர்ந்தாள். மடியில் வைத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கித் தூக்கி வைத்தாள். அடிநரம்பு ஒன்றை மீட்டிவிட்டு, ஒலி முற்றாக அடங்கும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தாள். என்ன என்று கேட்டால், பழக்கம் என்றாள்.

சனிக்கிழமை அவள் எதிரே இருந்த காப்பிக் கடைக்குப் போனபோது, இவரும் பின்னாலேயே போனார். அவள் முதுகைக் காட்டி நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

எர்மன்னோ காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நேராக இயக்குநரிடம் போய், இந்தப் பெண் சரியில்லை, கச்சேரியை ரத்து செய்துவிடலாம் என்றார்.

"நூத்தியிருபது டிக்கெட் போயிருக்கு, எர்மன்னோ. அவ என்ன, அதைத் தூக்கிட்டா ஓடப்போறா? பஸ்ல ஏத்தக்கூட முடியாதே அதை" என்று சிரித்தார் கொர்ராதோ.

ஞாயிறு காலை பதினொரு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. எர்மன்னோ முதல் வரிசை ஓரத்தில், நாலே எட்டில் மேடைக்குப் போகும்படி இடம் பிடித்துக்கொண்டார்.

லவீனியா பழைய இசையை எடுத்தாள். அடிநரம்புகள் ஒவ்வொன்றாக முழங்க, மேல்நரம்புகள் நிதானமாக அவற்றுக்குப் பதில் சொல்லின. பிறகு ஒரே ஒரு சுரம் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வந்தது, நொண்டியது, வேகம் பிடித்தது. எந்த இடத்தில் பழையது முடிந்து புதியது தொடங்கியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

அப்போது அவள் வலக்கை வாத்தியத்துக்குப் பின்னால் போனது. இடக்கை நரம்புகளில் ஓடிக்கொண்டிருக்க, டொக் என்று மரத்தில் ஒரு தட்டு. அரங்கமே அதிர்ந்தது. டொக், டொக். யாரோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கொர்ராதோ முகம் வெளுத்துப்போய் எர்மன்னோ பக்கம் சாய்ந்தார்.

"என்ன உக்காந்திருக்கீங்க? மரம் பிளந்திடப் போகுது. போய் நிறுத்துங்க."

எர்மன்னோவுக்கோ மூன்று நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் அப்படியே இறங்கியது. இவ்வளவுதானா? கூடாது என்றதைத் திருட்டுத்தனமாகச் செய்து பார்க்கத்தானா இத்தனை நாடகம்? காலை வசதியாக நீட்டிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது.

"விடுங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் சதுக்கத்துக் கடைகளை நோக்கிக் கலைந்தது. தியோர்போவைத் திரும்ப வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க, எர்மன்னோ மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். லவீனியா அதை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"நிபந்தனையை மீறிட்டீங்களே" என்றார் எர்மன்னோ, கண்டிப்பை வரவழைத்துக்கொண்டு.

"மீறலை ஐயா. நான் தட்டினது நாற்காலிக் கட்டையை."

அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"முந்நூத்தித் தொண்ணூறு வருஷத்து மரத்துல அடி விழுதுன்னு நினைச்சு அரங்கமே பதறிச்சு. இருபத்திரண்டு வருஷமா அதைக் காவல் காக்குற நீங்க மட்டும் காலை நீட்டிச் சிரிச்சுட்டிருந்தீங்க. இப்பச் சொல்லுங்க, உண்மையான தியோர்போ எங்கே?"