துவைக்கிற கல்

கல் மட்டும்தான் பாக்கி.

பீரோ ஏறிவிட்டது. கட்டில், கிரைண்டர், தண்ணீர் டிரம், சாமி படம் எல்லாம் லாரியில். வீட்டுக்குள் வெறும் ஆணிகள். ஓர் ஆணியில் சாவி.

அவள் கொல்லையை விட்டு நகரவில்லை.

லாட்ஜ் படுக்கை விரிப்புகளை அவள் அடித்துத் துவைத்த கல். குடிவந்தபோதே அங்கே கிடந்தது. அதை வைத்துத்தான் அந்த வேலையே பிடித்தாள். புது வீட்டில் குழாய் இருக்கிறது, மொட்டைமாடி இருக்கிறது, கல் இல்லை. சிமெண்டுத் தரையில் அடித்தால் துணி நைந்துபோகும். லாட்ஜ்காரன் வேறு ஆள் பார்ப்பான்.

வீடு மாறும் பேச்சு வந்த அன்றே சொல்லிவிட்டாள். கல் வந்தால்தான் அவள் வருவாள்.

புருஷன் சரி என்றிருந்தான். அவனுக்குத் தொழிலே அதுதான். அடுத்தவன் வீட்டைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பது.

கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தான். அந்தப் பக்கம் சுடலைமணி. கூட லோடு ஏற்றுகிறவன். இன்று உதவிக்கு வந்திருந்தான்.

நெம்பினார்கள்.

கல் பக்கவாட்டில் எழுந்து நின்றது. ஈரம். மண்புழு. பிறகு எழுத்து.

சுடலைமணி கையை எடுத்துவிட்டான். புருஷன் ஒருவனாகவே தாங்கி, சுவரில் சாய்த்தான்.

"அண்ணாச்சி, இது கல்லறைக் கல்லுல்லா."

புருஷனுக்கும் பார்த்தவுடனே தெரிந்தது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம். இப்போது அங்கே யாரையும் புதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் அங்கேதான் போவான். குடிக்க அல்ல. சும்மா நடப்பான். பேர் வாசிப்பான். அவன் போகிற இடங்களில் தூக்குவதற்கு ஒன்றும் இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அவளுக்கு அது ஆகாது. பொம்பிளை போகிற இடமில்லை என்று அவள் சுவரைத் தாண்டியதே கிடையாது. அவன் திரும்பி வந்தால் வாசலிலேயே நிறுத்துவாள். உள்ளே இருந்து வாளியை நீட்டுவாள். தலையில் ஊற்றிய பிறகுதான் அவன் நிலைப்படி தாண்டலாம். கழற்றிப் போட்ட சட்டையை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு போய், தீட்டு போக அடித்துத் துவைப்பாள்.

இந்தக் கல்லில்.

சுடலைமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மதினி, அண்ணாச்சி வாரத்துல ஒரு நாளு போனதுக்கு அந்த ஏச்சு ஏசுனியளே. நீங்க தெனமும்லா போயிருக்கிய."

"வாய மூடுல. பேரு சொடலை. கல்லத் தொடப் பயமாக்கும்?"

"பேரு எங்கய்யா வச்சது மதினி. பயம் என்னோடது."

அவள் குனிந்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். மேல்பாதி உடைந்துபோன கல். தரையைப் பார்த்துக் கிடந்ததால் மிச்சம் இருந்த எழுத்து அழியவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

வேதமுத்து மனைவி
ஞானப்பூ
இளைப்பாறுகிறாள்

கடைசிச் சொல்லை இன்னொரு தடவை வாசித்தாள்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

புருஷன் காத்திருந்தான். அவள் சொன்னால் ஏற்றிவிடுவான். கவிழ்த்துப் போட்டால் கல் கல்தான். புது வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது.

"என்ன சொல்லுத?"

அவள் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"பேரு தெரிஞ்சிட்டே. இனி எப்படி அடிக்க?"

"அப்ப லாட்ஜு?"

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

சுடலைமணி கயிறும் கம்பும் எடுத்துக் கொடுத்தான். அதோடு சரி. தொடமாட்டேன் என்றான்.

ஆகவே கம்பின் மறுமுனையை அவள் தோளில் வைத்தாள். ஈரத் துணி மூட்டை சுமந்த தோள். கல் கயிற்றில் தொங்கியது. சுவர் இடிந்திருந்த இடத்தில், முன்முனையைச் சுமந்த புருஷன் நடையைக் குறைத்தான்.

"நிக்காதீங்க. நடங்க."

தாண்டினாள்.

"வேற கல்லு வாங்கித் தரணும்," என்றாள் பின்னால் இருந்து. "வாங்கும்போது திருப்பிப் பாத்து வாங்கணும்."

உள்ளே கல் போன கல்லறைகள் நிறைய. செங்கல் மேடை மட்டும் நிற்கும். ஊரில் இன்னும் எந்தெந்தக் கொல்லையில் எத்தனை கிடக்கிறதோ.

"இதுல அவளுக்கு எது?"

அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை ஞாயிறு நடந்திருக்கிறான். பேர் இருந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறான்.

சாண் போட்டு அளந்தான். அகலம் பொருந்தியவை இரண்டு. அவள் வேப்ப நிழலில் இருந்ததைக் காட்டினாள். அங்கே இறக்கினார்கள். எழுத்து மேலே வரும்படி.

அவள் கல்லின்மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

பிறகு சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சுடலைமணி லாரியில் ஏறி, கிரைண்டர்மேல் உட்கார்ந்திருந்தான். சாவி இன்னும் உள்ளே ஆணியில் தொங்கியது. எடுத்து வீட்டுக்காரனிடம் கொடுக்க வேண்டும்.

அவன் பழக்கத்தில் வாசலிலேயே நின்றான்.

அவளும் நின்றாள்.

உள்ளே இருந்து வாளியை நீட்ட ஆள் இல்லை.