வெயிலில் ஒரு கம்பளிக் கோட்டு

ஆர்லோவின் படத்தோடு ரசிகர்கள் சேகரிக்கும் பேஸ்பால் ஆட்டக்காரர் அட்டை ஒன்றே ஒன்றுதான் வெளிவந்தது. அதுவும் அவன் கார் விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு. அதைப் பார்க்க மனமில்லாமல் அவன் மனைவி வெர்னா இத்தனை வருடம் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தாள். இந்தக் குளிர்காலத்தில்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சிரித்தபடி தொப்பியைத் தூக்கிப் பிடித்திருந்த ஆர்லோவுக்குப் பின்னால், காலி இருக்கைகளின் நடுவே, சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டில் ஒரு பெண். கோட்டில் மேல் பொத்தான் இல்லை.

படம் எடுத்த ஹாய்ட்டைத் தேடி, அந்த டீம் வருடா வருடம் பயிற்சிக்குப் போகும் ஃப்ளோரிடாவுக்கே போய்விட்டாள்.

"மார்ச் மாசம், காலைல எடுத்ததும்மா. அப்ப மைதானத்து கேட்டையே தொறக்கல, ஆள் எப்படி வரும்?" என்று கிழவர் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்தார். அதிலும் அவள் இருந்தாள்.

அந்த மார்ச்சில் பயிற்சி முகாமுக்குக் கூட வரச்சொல்லி ஆர்லோ எவ்வளவோ கெஞ்சியும் வெர்னா ஒஹையோவை விட்டு நகரவில்லை. அந்தக் கம்பளிக் கோட்டை அவள் வாங்கியதே அந்த வருட நவம்பரில், அவனைப் புதைத்த அன்றைக்குப் போட. பொத்தான் அறுந்து குழிக்குள் விழுந்தது.

"தொப்பிய நீங்க கழட்டச் சொன்னீங்களா?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். தொப்பில டீம் சின்னம் இருக்கும், ஆள வேற டீமுக்கு வித்துட்டா படம் வீணாயிடும்ல? ஆனா இவன் நான் சொல்றதுக்கு முன்னாடியே கழட்டி, பின்னாடி திரும்பித் திரும்பி ஆட்டுனான். யாருக்குடா ஆட்டுறேன்னு திட்டுனேன்."

"என்ன சொன்னாரு?"

"'என் பொண்டாட்டி வந்திருக்கா. இந்த வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு அழுதுட்டு இருக்கா. கொஞ்சம் இருங்க, சிரிக்க வச்சுட்டு வரேன்'னான்."