சிவப்புத் தக்கை

வானம் மூடிக்கொண்டு, ஏரி ஈயத் தகடு மாதிரி கிடக்கிறது. படகின் ஒரு முனையில் தச்சர். மறுமுனையில் அவருடைய முப்பது வருஷச் சிநேகிதர், பஸ் டிரைவர். தூண்டிலைப் படகு விளிம்பில் சாய்த்து, டீ டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, டிரைவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சிவப்புத் தக்கை இரண்டு முறை துள்ளிவிட்டு அப்படியே முங்கிப்போகிறது. தூண்டில் நுனி வளைகிறது. அவர் அசையவில்லை. காலையில் படகில் ஏறும்போது அவர் தடுமாறியதும், டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றியதும் இப்போது தச்சருக்கு ஒன்றோடொன்று இழைத்து வைத்ததுபோலப் பொருந்துகின்றன.

“தக்கை தெரியுதாடா?” என்று தச்சர் கேட்கிறார்.

“தெரியாம என்ன? அங்கயேதான் நிக்குது.” டிரைவரின் விரல் வெறும் தண்ணீரைக் காட்டுகிறது. “நாளைக்கு முதல் வண்டி எனக்குத்தான். உன் பொண்ணுக்கு எப்பவும்போல முன் சீட்டைப் பிடிச்சு வைக்கிறேன்.”

துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தச்சர் அதைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

“அவ நாளைக்கு வரமாட்டாடா.”

“நாளன்னிக்கு?”

தச்சர் துடுப்பை எடுத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்புகிறார். டிரைவரின் நீட்டிய விரல் மெல்ல மடங்கிக் கீழே இறங்கி, பலகைமேல் டம்ளரைத் தடவித் தேடுகிறது.