விஷ்ணுபூருக்கு மூன்று டிக்கெட்

"மூணு வருஷமா மாப்பிள்ளை. மாமியாரோட நிஜப் பேரு தெரியாது!" மாமனார் கோஷால் பாபு கையைத் தட்டிச் சிரித்தார்.

பிரசூன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாரும் பூடின்னுதானே கூப்பிடறாங்க, பாபா. ஆதார்ல என்ன பேருன்னு சொல்லுங்க. டிக்கெட்ல அதான் போடணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செய்வது எப்போதும் ஒன்றுதான். ஐந்தரைக்கு எழுவான். ஒரு கப் டீ போடுவான். சியால்தாவில் லோக்கல் வண்டி பிடிப்பான். கிருஷ்ணநகரில் இறங்கி, எட்டு கச்சோரி வாங்கிக்கொண்டு மாமனார் வீட்டு மணியை அடிப்பான். அவன் மனைவி மிஷ்டு இறந்து பதினோரு மாதம். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

"பூடின்னே போடேன்," என்றார் கோஷால் பாபு. "பொறந்தப்பவே கிழவின்னு கூப்பிட்டாங்க. அறுபத்தொரு வயசுல இப்பத்தான் பொருத்தமா இருக்கு."

சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "அவர் பேரை கோகான்னே போடு, பிரசூன். சின்னப் பையன்னு அரை டிக்கெட்ல முடிஞ்சிடும்!"

"அவர் பேரு நிருபம்னு தெரியும், மா. உங்களோடதுதான் தெரியல."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்வதுபோலத் தயங்கினாள். "ஹேமப்ரபா. ஸ்கூல்ல கூப்பிட்டது. அப்புறம் யாரும் கூப்பிடல."

பிரசூன் எழுத்துக் கூட்டி அடித்தான்.

"எதுக்கு விஷ்ணுபூர்?" கோஷால் பாபு மூன்றாவது கச்சோரியை எடுத்தார். "திகான்னாலும் கடல் இருக்கு. அங்க போய் செங்கல்லைப் பாக்கணுமா?"

"செங்கல் இல்ல, சுடுமண் கோயில். சுவர் முழுக்க ராமாயணமாம்," என்றான் பிரசூன்.

"ராமாயணம் நம்ம வீட்லயே தினம் நடக்குது."

"நடக்கும், நடக்கும். அங்க பட்டுப் புடவை வாங்கச் சொல்லுவேன்னு பயம்," என்றாள் மாமியார்.

"புடவை வாங்கிக்கோ. என் முட்டி கெட்ட கேட்டுக்கு அத்தனை கோயில் ஏறி இறங்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"அப்ப நானும் வரல," என்றாள் மாமியார். சட்டென்று அவள் குரல் வேறாகியிருந்தது.

பிரசூனின் விரல் நின்றது. இந்தக் குரல் அவனுக்குத் தெரியும். மிஷ்டு போன பிறகு ஆகஸ்ட் வரை இந்த வீட்டில் இதுதான் கேட்டது. சன்னலைத் திறக்கவில்லை. ரேடியோ போடவில்லை. கோஷால் பாபு மீன் வாங்கக்கூடச் சந்தைக்குப் போகவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, வாங்கிவந்த கச்சோரியை இருவரும் தொடாமலேயே உட்கார்ந்திருந்தபோதுதான், மிஷ்டு கடைசியாகச் சொன்னதை அவன் அவர்களிடம் சொன்னான். 'மாவையும் பாபாவையும் விஷ்ணுபூருக்குக் கூட்டிட்டுப் போ.'

மறுநாள் கோஷால் பாபு சந்தைக்குப் போனார். விஷ்ணுபூரில் என்ன மீன் கிடைக்கும் என்று விசாரித்துவர.

இன்று டிக்கெட் போடாவிட்டால் சன்னல்கள் மறுபடி மூடிக்கொள்ளும்.

"பாபா, அவ சொன்னது ரெண்டு பேரையும்," என்றான்.

கோஷால் பாபு தன் முட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹேமப்ரபா தேவி!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"என் குரங்குக் குல்லாவை எங்க வச்சிருக்கீங்க? விஷ்ணுபூர்ல குளிரும்ல?"

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மாமியார் சிரித்தாள். "வயசான காலத்துல இந்த மனுஷனைப் பாரு! பேரைச் சொல்லிக் கூப்பிடறார்!"

"நானா சொன்னேன்? ஆதார்ல இருக்கு."

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. எத்தனை பிளாஸ்க், எவ்வளவு பொரி, வயிற்றுக்கு எந்த மாத்திரை என்று இருவரும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். கீழ் படுக்கை கேட்டார் கோஷால் பாபு. நான்கு மணி நேரப் பயணத்துக்குப் படுக்கை கிடையாது என்றான் பிரசூன். அப்படியானால் சன்னல் ஓரம் என்றார். சன்னல் தனக்கு என்றாள் அவள்.

பணம் கட்டும் பக்கம் திறந்தது. மாமியார் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிரசூன், இன்னொரு தடவை சொல்லேன். அவ எப்படிச் சொன்னா?"

"விஷ்ணுபூருக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னா, மா."

"வலியில சொன்னாளா?"

"இல்ல, மா. சிரிச்சிட்டுத்தான் சொன்னா."

"எல்லாம் ஒரு நொடியில முடிஞ்சிடுச்சு. எங்களைக் கூப்பிடக்கூட உனக்கு நேரம் கிடைக்கல, பாவம்." அவன் தலையைத் தடவினாள். "அந்த நொடியிலயும் எங்களை நெனச்சிருக்கா பாரு."

பிரசூன் பொத்தானை அழுத்தினான். மூன்று டிக்கெட்டும் உறுதி என்று திரையில் வந்தது. கோஷால் பாபு எழுந்து உள்ளே போய்ப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மிஷ்டு விஷ்ணுபூர் என்ற ஊரைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவள் இறந்த அன்று மத்தியானம் ஆபரேஷன் அறைக் கதவு திறக்க அரைமணி நேரம் இருந்தது, அவன் கையில் கைப்பேசியும் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"சின்ன ஆபரேஷன்தானே, மாகிட்டயும் பாபாகிட்டயும் இப்ப சொல்லாதே. அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்."