பத்து வருஷத் துரு

“அந்த போல்ட்டையெல்லாம் யாருக்கு வித்தீங்கப்பா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் சுமா. களமசேரி ஹாஸ்டலிலிருந்து இரண்டு பஸ் மாறி மட்டாஞ்சேரிக்கு வந்தவள் முகத்தில் களைப்பைக் காணோம், கோபம்தான் இருந்தது.

தங்கப்பன் திருதிருவென்று விழித்தார். பழைய இரும்புக் கடைக்காரர் அவர். ஊர்க்காரர்களுக்கு ஆக்ரிக்காரர்.

அடுக்களையிலிருந்து வந்த கமலாக்ஷி, மகளிடம் சாயாவை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததால் தம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்திருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுக்கவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சுமா ஆராய்ச்சி மாணவி. பழைய இரும்பின் துருவைச் சுரண்டி, பொடித்து, சூளையில் வைத்து ஒரு வினையூக்கி செய்திருந்தாள். சாயம் கலந்த ஆலைத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டால் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் எல்லாத் துருவும் அந்த வேலையைச் செய்யவில்லை. உடைத்த படகு ஒன்றிலிருந்து அப்பா எடுத்து வைத்திருந்த போல்ட்டுகள்தான் கைகொடுத்தன. பத்து வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறி, கட்டிகட்டியாய்த் துரு ஏறியவை.

மிச்சமிருக்கும் போல்ட்டுகளில் கை வைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாங்க என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் கடையில் வைத்தால் களவு போகும் என்று மூட்டையை வீட்டில் வைத்திருந்து, மூன்றாம் நாள் தானே சுமந்து போய் ஹாஸ்டலில் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று காலை, ஆராய்ச்சியைப் பார்வையிட டில்லியிலிருந்து வந்த குழுவின் முன்னால், துருவைச் சுரண்டுவதிலிருந்தே செய்து காட்ட மூட்டையைப் பிரித்தாள். உள்ளே துருவின் சுவடே இல்லாத போல்ட்டுகள். வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு வருஷ உழைப்பு கால் மணி நேரத்தில் முடிந்தது. இனி உதவித்தொகை கிடையாது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள்.

யூதத் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒருவர், வெள்ளைக்காரர்கள் ஆசையாய் வாங்குவார்கள் என்று அந்தத் துருப்பிடித்த போல்ட்டுகளைக் கேட்டு நடையாய் நடந்தது சுமாவுக்குத் தெரியும். அவருக்கு அதைத் தள்ளிவிட்டு, வேறு இரும்பை அப்பா மூட்டை கட்டிவிட்டார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“ஞான் மூட்டையைப் பிரிக்கவே இல்ல மோளே. பகவதி சத்தியமா.”

“சத்தியம் வேற பண்ணணுமாப்பா? பெத்த பொண்ணுகிட்டயே உங்க வியாபாரப் புத்தியைக் காட்டிட்டீங்க.”

தங்கப்பன் முப்பது வருஷமாய் எடைக்கல்லில் ஒரு குறை வைக்காத மனுஷர். மகள் வாயாலேயே இதைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயா ஆறிப்போயிருந்தது. இனி இந்த வீட்டுப் பக்கமே வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள் சுமா.

வாசலில் கமலாக்ஷி எதிர்ப்பட்டாள். இடுப்பில் நிறைகுடம். கேட்க நினைத்ததைக் கேட்டுவிடும் சந்தோஷம் முகமெல்லாம்.

“ஆக்ரிக்காரன் மோள்னு டில்லிக்காரங்க மூக்கைச் சுளிக்கப்படாதேன்னு, மூணு நாள் புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினேன். அவங்களுக்குப் பிடிச்சுதா மோளே?”