ஒட்டிய விடுகதை

"பத்துப் புத்தகம். பத்துலயும் அதே இடத்துல காகிதம் ஒட்டியிருக்கு. யார் வேலை இது?"

"நான்தான் சார் ஒட்டினேன்," என்றாள் வகுப்பு நடத்தும் கனகா.

காஞ்சிபுரத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த வேதாசலத்துக்கு எரிச்சலாக இருந்தது. உத்திரமேரூர் முதியோர் கல்வி வகுப்புக்குப் பாடநூல் வந்து சேராததால், சிறுவர் விடுகதைப் புத்தகத்தை அனுப்பிவைத்ததே அவர்தான்.

"எதுக்கு ஒட்டினே?"

கனகா புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அரசாங்கச் சொத்தும்மா. நான் எழுதிட்டுப் போனா உன் வேலை இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"புஸ்தகத்துக்குக் காயம் சார். அதான் கட்டு போட்டு கீது," என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மாள். களையெடுத்துவிட்டு நேரே வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

வேதாசலம் ஒரு புத்தகத்தில் காகிதத்தை நகத்தால் உரித்தார். சோற்றுப் பசை, சுலபமாக வந்தது. அடியில் இருந்ததை மனசுக்குள் படித்தார்.

'ஒற்றைக் கண்ணாள், ஊர்க் கிழிசலெல்லாம் மூடுவாள். அவள் யார்?'

ஊசி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதை நடத்தக்கூடச் சோம்பலா? அறிக்கைத் தாளை எடுத்துக் கனகாவின் பெயரை எழுதினார்.

"கடைசில உக்காந்திருக்கிற அம்மா, பேரென்ன?"

"செங்கேணி சார்."

"வந்து இதைப் படி."

"வேற யாராவது படிக்கட்டும் சார்," என்றாள் கனகா.

"அவங்கதான் படிக்கணும்."

"எய்த்துக் கூட்டித்தான் சார் படிப்பேன். பேஜார் பண்ணக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே செங்கேணி வந்தாள். தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். வரி தெரிவதற்காக முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டாள். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் இமை மட்டும் ஒட்டிக்கிடந்தது.

"ஒ... ற்... றை. ஒற்றை."

விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. எழுத்துக் கூட்டுகிறவளுக்கு, வரி எங்கே போகிறதென்று போய்ச் சேரும்வரை தெரியாது.

"க்... க..."

கனகா தரையைப் பார்த்தாள். கோவிந்தம்மாள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

வேதாசலம் எட்டிப் பக்கத்தைத் திருப்பினார். "இது போதும். அடுத்த பக்கம் படி."

அது நத்தையைப் பற்றியது. செங்கேணி தடுக்கித் தடுக்கிப் படித்து, விடையையும் தானே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வேதாசலம் அறிக்கையில் 'புத்தகங்கள் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, மேஜைமேல் கிடந்த காகிதத் துண்டை நாக்கில் தடவி, உரித்த இடத்திலேயே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.